எலியின் நுரையீரல் உறையில் கனிம இழைகள்: ஊசி வழிச் சோதனையா, மூச்சு வழிச் சோதனையா?

கயல்விழி

வணக்கம். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பற்றிப் பொது வாசகர்களுக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். விலங்குச் சோதனைகள் பகுதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

ஒரு பக்கம், இழைகளை எலியின் மார்புக்குள் நேரடியாக வைத்துப் பார்த்த சோதனைகள். அவற்றில் கல்நார் மட்டுமில்லாமல் மெல்லிய கண்ணாடி இழைகளும் புற்றை உண்டாக்கியிருக்கின்றன. இன்னொரு பக்கம், இழைகளைக் காற்றில் கலந்து மாதக்கணக்கில் சுவாசிக்க வைத்த சோதனைகள். அவற்றில் பலவற்றில் நுரையீரல் உறையில் கட்டி வந்த எலிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். போதாததற்கு ஹாம்ஸ்டர் வேறு வந்து குழப்புகிறது. ஒரே பீங்கான் இழையைச் சுவாசித்த எலிகளில் நூற்றுக்கு இரண்டுக்குக்கூட மீசோதீலியோமா என்ற உறைப் புற்று வரவில்லை, ஹாம்ஸ்டர்களிலோ நூற்றுக்கு நாற்பதுக்கு வந்திருக்கிறது.

எதை வைத்து எழுதுவது? மூச்சில் போன இழை நுரையீரலைத் தாண்டி உறைக்கு எப்படிப் போகிறது, போய் என்ன செய்கிறது? இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மைக்ரோடோம்

கயல், முதலில் உறை என்ற அந்த இடத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். நுரையீரலின் மேல் ஒட்டியிருக்கும் படலம் ஒன்று, விலா எலும்புகளின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் படலம் இன்னொன்று. வசதிக்காக உட்படலம், வெளிப்படலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி, அதில் கொஞ்சம் நீர். மூச்சு விடும்போது இரண்டும் உரசாமல் வழுக்கிப் போவது அந்த நீரால்தான். இரண்டு படலங்களின் மேலும் ஒற்றை வரிசையாகத் தட்டையான செல்கள் பரவியிருக்கும். மீசோதீலியோமா தொடங்குவது அந்தச் செல்களில்.

இப்போது முக்கியமான விஷயம். அந்த நீர் தேங்கி நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கும். அது வெளியேறும் வழி வெளிப்படலத்தில் இருக்கும் நுண்துளைகள். அவற்றின் விட்டம் ஏறக்குறைய 10 மைக்ரானுக்குள் அடங்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). துளைக்கு அந்தப்புறம் நிணநீர்க் குழாய். சின்னத் துகளோ குட்டை இழையோ இடைவெளிக்குள் வந்தால் நீரோடு சேர்ந்து துளை வழியாக நிணநீர் முடிச்சுக்குப் போய்விடும். 20 மைக்ரான் நீளமுள்ள விறைப்பான ஊசி வந்தால் துளையின் வாயில் குறுக்கே மாட்டிக்கொள்ளும். வடிகாலில் குச்சி அடைத்துக்கொள்வது போலத்தான்.

அதை விழுங்கி அகற்ற விழுங்கணுக்கள் வரும். எலியின் நுரையீரல் விழுங்கணு 13 மைக்ரான் அளவுதான். தன்னைவிட நீளமான ஊசியை அது எப்படி விழுங்கும்? பாதி விழுங்கி, வாயை மூட முடியாமல், உள்ளே செரிப்பதற்கு வைத்திருந்த நொதிகளையும் தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் வெளியே கொட்டிவிடும். பக்கத்தில் இருக்கும் படலச் செல்கள்தான் அந்த அடியை வாங்குகின்றன.

நான் சில வருடங்கள் ஆய்வகத்தில் திசு வெட்டும் வேலை பார்த்தேன். நீள இழை செலுத்திய சுண்டெலியின் உதரவிதானத்தை முதன்முதலில் கையில் எடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. ஆரோக்கியமான உதரவிதானத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் நனைந்த கண்ணாடித்தாள் மாதிரி ஒரே சீராகப் பளபளக்கும். இதில் அந்தப் பளபளப்பு திட்டுத்திட்டாக அறுந்திருந்தது. திட்டு இருந்த இடமெல்லாம் சொரசொரவென்று வெண்மையாக இருந்தது. வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் விழுங்கணுக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. ஒரே இழையின் இரு முனைகளையும் இரண்டு விழுங்கணுக்கள் பிடித்துக்கொண்டிருந்தன. நடுப்பகுதி யாருக்கும் சொந்தமில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. குட்டை இழை செலுத்திய சுண்டெலியின் உதரவிதானம் பக்கத்திலேயே இருந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

இளமாறன்

மைக்ரோடோம் சொன்னதற்கு எண்ணிக்கை ஆதாரமும் உண்டு. 2008இல் எடின்பரோவைச் சேர்ந்த குழு நீளமான கார்பன் நுண்குழாய்களைச் சுண்டெலியின் வயிற்றறைக்குள் செலுத்தி, நீளக் கல்நார் இழை செய்வதையே அவையும் செய்வதாகக் காட்டியது. ஏழு நாளில் உதரவிதானத்தின் மேல் கட்டிக்கட்டியாக அழற்சித் திரள்கள். குட்டையான, சுருண்டு கிடந்த குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. 2011இல் மார்பறைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார்கள். குட்டைகள் மார்பின் மேற்பகுதி நிணநீர் முடிச்சுகளில் கிடைத்தன, நீளமானவை படலத்திலேயே தங்கிவிட்டன.

எனக்கு மிகவும் பிடித்தது 2012இல் வந்த வெள்ளி நுண்கம்பிச் சோதனைதான். 3, 5, 10, 14 மைக்ரான் என்று நீளத்தை மட்டும் மாற்றிச் செய்த கம்பிகள். உறை இடைவெளியில் 4, 5 மைக்ரானைத் தாண்டியதுமே அழற்சி வந்துவிட்டது. நுரையீரலுக்குள் அதே அளவுக்குத் தொல்லை வர 14 மைக்ரான் தேவைப்பட்டது. நுரையீரலிலிருந்து வெளியேற மூச்சுக்குழல் என்ற அகலமான வழி இருக்கிறது. விழுங்கணு இழையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிடலாம். உறைக்கு அந்தச் சின்னத் துளைகளை விட்டால் வேறு வழி இல்லை.

செந்தாழை

எல்லாம் சரி. ஆனால் நீங்கள் இருவரும் சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை ஊசியால் செலுத்தியவை. கயல் கேட்டது மூச்சு வழி. இழையை நேரே உறைக்குள் கொட்டிவிட்டு, ‘பாருங்கள், உறை கெட்டுவிட்டது’ என்றால் என்ன சொல்வது? மூக்கு வடிகட்டுகிறது, சளி பிடித்துத் தள்ளுகிறது, காற்றறையில் விழுங்கணு காத்திருக்கிறது. இவை எல்லாவற்றையும் தாண்டி வந்தால்தான் உறை. ஊசி அத்தனை காவலையும் ஒரே தாவில் தாண்டிவிடுகிறது.

1981இல் வெளிவந்த ஸ்டான்டன் குழுவின் பெயர்பெற்ற தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 72 சோதனைகள், ஒவ்வொன்றிலும் 40 மில்லிகிராம் இழையை எலியின் மார்பைத் திறந்து உறையின் மேலேயே வைத்தார்கள். எலியின் எடையை நினைத்துப் பாருங்கள். அந்த அளவு இழை எந்த ஜென்மத்திலும் மூச்சு வழியே அங்கே போய்ச் சேராது. பொதுமக்களுக்கு எழுதும் கட்டுரையில் இந்த வகைச் சோதனைகளை விட்டுவிடுவதே நியாயம் என்பது என் கருத்து.

தூசிக்கூண்டு

நான் மூச்சு வழிச் சோதனைக் கூடத்தில் இருந்தவன். செந்தாழை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு வருகிறேன்.

முதலில் கயல் கேட்ட பயணம். கூடத்தில் எலியை ஒரு குறுகலான குழாய்க்குள் விடுவோம், மூக்கு மட்டும் இழைக்காற்று வரும் பக்கம் நீட்டியிருக்கும். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், இரண்டு வருடம் வரை. முழு உடம்பையும் தூசியில் வைத்தால் ரோமத்தில் படிந்ததை நக்கி விழுங்கிவிடும், அதற்காகத்தான் இந்தக் குழாய். எலி மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் பிராணி, அதன் மூக்கோ நம்முடையதைவிட மிக நுணுக்கமான வடிகட்டி. மனித நுரையீரலின் அடிவரை 3 மைக்ரான் தடிமனான இழைகூட ஓரளவுக்குப் போகும். எலிக்கு 1 மைக்ரானுக்கு மேல் தடித்தவை பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும். அதாவது மனிதன் உள்ளே இழுக்கும் இழைகளில் ஒரு பகுதியை எலி பார்ப்பதே இல்லை.

அடிவரை போன மெல்லிய இழை முதலில் மாட்டுவது காற்றறைக் குழாய்கள் இரண்டாகப் பிரியும் கவட்டில். 1981இல் பிராடி குழுவினர் எலிகளுக்கு ஒரே ஒரு மணி நேரம் வெண்கல்நார் கொடுத்துவிட்டு மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இழைகள் கவட்டு முனைகளில் படிந்திருந்தன, இரண்டு நாளுக்குள் விழுங்கணுக்கள் அங்கே கூடிவிட்டன. அங்கிருந்து சில இழைகள் மேல்தோல் செல்களைத் துளைத்துத் திசுவுக்குள் இறங்கி, மூச்சின் அசைவோடும் நிணநீரின் ஓட்டத்தோடும் ஓரத்துக்கு நகர்கின்றன. எலியின் உட்படலம் மெல்லியது, ஓரக் காற்றறைகளுக்கும் அதற்கும் தூரமே இல்லை.

ஆனால் போய்ச் சேருபவை கொஞ்சம், அதிலும் பெரும்பாலும் குட்டை. 1996இல் எலிகளுக்கு ஐந்தே நாள் பீங்கான் இழை கொடுத்து உறையைச் சோதித்தபோது அங்கே இழைகள் இருந்தன, ஆனால் அவற்றின் சராசரி நீளம் 2 மைக்ரானுக்கும் கீழே. ஆக, ஊசியால் போட்டதும் மூச்சால் வந்ததும் ஒரே சரக்கு இல்லை. இதுவரை செந்தாழை பக்கம்.

இனி மறுபக்கம். ஊசிச் சோதனையை விட்டுவிட்டால் கயல் ஒரு பெரிய விஷயத்தை இழந்துவிடுவார். அந்த 72 சோதனைகளில் வைத்த பொருட்கள் வேதியியலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை: கல்நார், கண்ணாடி, இன்னும் பல கனிமங்கள். அவற்றுக்குப் பொதுவாக நின்றது அளவுதான். 8 மைக்ரானுக்கு மேல் நீளம், 0.25 மைக்ரானுக்கு உட்பட்ட விட்டம் உள்ள இழைகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கட்டி. ‘வடிவம்தான் வினை’ என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. அதை மூச்சு வழியிலும் சரிபார்த்தார்கள். 1986இல் டேவிஸ் குழு ஒரே அமோசைட் கல்நாரை நீளமாகவும் குட்டையாகவும் பிரித்து, இரண்டு கூட்டம் எலிகளுக்குச் சுவாசிக்கக் கொடுத்தது. நீளம் சுவாசித்தவற்றில் நுரையீரல் தழும்பும் கட்டிகளும் வந்தன. குட்டை சுவாசித்தவற்றில் தழும்பும் இல்லை, இழையால் வந்ததென்று சொல்லும்படி கட்டியும் இல்லை. ஊசி சொன்னதை மூச்சு மறுக்கவில்லையே.

கயல்விழி

நன்றி தூசிக்கூண்டு ஐயா. அப்படியானால் மூச்சு வழியில் உறைக் கட்டி குறைவாக வருவது எலியின் மூக்கால் மட்டும்தானா?

இளமாறன்

மூக்கு ஒரு காரணம். ஆயுள் இன்னொன்று. மனிதனுக்கு முதல் தூசியிலிருந்து மீசோதீலியோமா வரை பொதுவாக 20 முதல் 40 வருடம் பிடிக்கும். எலி வாழ்வதே இரண்டு, இரண்டரை வருடம். இழை நுரையீரலைத் தாண்டி, உறையில் தேங்கி, அழற்சி பழகி, செல் மாறி, கட்டியாகத் தெரிவதற்குள் எலிக்கு வயதாகிவிடுகிறது.

இருந்தும் சில எலிகளில் வந்திருக்கிறது. 1974இல் வாக்னர் குழு ஐந்து வகைக் கல்நார் மாதிரிகளை எலிகளுக்குச் சுவாசிக்கக் கொடுத்து வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தது. மொத்தம் 11 மீசோதீலியோமா. எண்ணிக்கை குறைவுதான், ஆனால் அதில் இரண்டு ஒரே ஒரு நாள் தூசியில் இருந்த எலிகளில் வந்தவை. இந்த வாக்னர்தான் 1960இல் தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார் வட்டாரத்திலிருந்து 33 மீசோதீலியோமா நோயாளிகளை விவரித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். மனிதரில் கண்டதை எலியில் தேடியவர் என்பதால் அவருடைய சோதனைகளை நான் கவனத்தோடு படிப்பேன்.

செந்தாழை

அந்த 11ஐ நானும் மதிக்கிறேன். ஆனாலும் ‘எலி மூச்சு வழியில் மந்தமான பிராணி, அதனால் ஊசிதான் சரி’ என்று சிலர் அதை வைத்தே வாதிடுவார்கள். அது தவறு என்பதற்கு எரியோனைட் போதும். துருக்கியின் கப்படோசியா கிராமங்களில் வீட்டுக் கல்லிலும் மண்ணிலும் இருந்து மக்களை வாரிக்கொண்டு போன அதே நார்க் கனிமம். 1985இல் வாக்னர் குழு அதை 28 எலிகளுக்குச் சுவாசிக்கக் கொடுத்தது. 27 எலிகளுக்கு மீசோதீலியோமா. அதே மூக்கு, அதே குறுகிய ஆயுள். இழை போதுமான அளவு மெல்லியதாகவும் கரையாததாகவும் இருந்தால் எலி மூச்சு வழியிலேயே தெளிவாகப் பதில் சொல்லிவிடுகிறது.

தூசிக்கூண்டு

அருமையான எடுத்துக்காட்டு, இதில் நான் செந்தாழையோடு முழுக்க உடன்படுகிறேன். கயல், எரியோனைட்டுக்குக் கட்டாயம் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

ஹாம்ஸ்டர் கணக்கையும் முடித்துவிடுகிறேன். கன மீட்டருக்கு 30 மில்லிகிராம் பீங்கான் இழை, எலிகளுக்கு 24 மாதம், ஹாம்ஸ்டர்களுக்கு 18 மாதம். எலிகளுக்கு நுரையீரலுக்குள் கட்டி, உறையில் மிகக் குறைவு. ஹாம்ஸ்டர்களுக்கு நேர்மாறு: உறையில் நூற்றுக்கு நாற்பது, நுரையீரலுக்குள் ஒன்றுமில்லை. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து உறையை ஆராய்ந்தபோது ஹாம்ஸ்டரின் உறையில்தான் 5 மைக்ரானைத் தாண்டிய இழைகள் கூடுதலாகத் தேங்கியிருந்தன, படலச் செல்களும் அங்கேதான் அதிகம் பெருகியிருந்தன. பீங்கான் இழைக்கு மட்டும் உரிய விசித்திரம் என்றும் தள்ள முடியாது. அமோசைட் சுவாசித்த ஹாம்ஸ்டர்களில் ஒரு கூட்டத்தில் ஏறக்குறைய கால் பங்குக்கு உறைக் கட்டி வந்தது.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பீங்கான் மாதிரியின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இழையாக இல்லாத வெறும் துகள். அவ்வளவு துகள் எலியின் விழுங்கணுக்களை மூச்சுத்திணற வைத்து, இழைகளின் வெளியேற்றத்தையும் தாமதமாக்கியிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். எனவே 30 மில்லிகிராம் கூட்டத்தின் முடிவைச் சுத்தமான இழையின் முடிவாக எழுதிவிடாதீர்கள்.

வளர்மதி

நான் இழையைத் தொடாத செல் உயிரியல்காரி. இந்த உரையாடலில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது, அதனால் நுழைகிறேன்.

உறை கெடுவதற்கு இழை உறைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் ஆடம்சன் குழு நீள நீலக் கல்நாரைச் சுண்டெலியின் மூச்சுக்குழல் வழியே நுரையீரலில் விட்டது. இழைகள் சிறு மூச்சுக்குழல்களிலேயே நின்றன, உறையில் இழையைக் காணவில்லை. ஆனாலும் முதல் வாரத்திலேயே உறைச் செல்கள் பெருகத் தொடங்கிவிட்டன. குட்டை இழைக்கு அப்படி நடக்கவில்லை. நுரையீரலில் காயம் பட்ட செல்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் உறை வரை பரவுகின்றன என்பதுதான் விளக்கம்.

அழற்சி எப்படித் தொடங்குகிறது என்பதும் இப்போது ஓரளவு தெளிவு. 2008இல் வந்த ஆய்வில், விழுங்கணுவுக்குள் இருக்கும் என்எல்ஆர்பி3 என்ற உணர்வி இல்லாத சுண்டெலிகள் கல்நாரைச் சுவாசித்தபோது அவற்றின் நுரையீரல் அழற்சி குறைவாக இருந்தது. அந்த உணர்விதான் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின் 1 பீட்டாவை வெளியே விடும் கதவு. 2010இல் இன்னொரு கண்ணி: கல்நாரால் சாகும் உறைச் செல்கள் எச்எம்ஜிபி1 என்ற புரதத்தைக் கசியவிடுகின்றன, அது விழுங்கணுக்களை மேலும் மேலும் அழைக்கிறது. அழைக்கப்பட்டவை விழுங்க முடியாமல் மறுபடி கொட்டுகின்றன. இழை கரையாதவரை இது நிற்காது.

மரபணுவையும் மறந்துவிடாதீர்கள். பிஏபி1 மரபணுவின் ஒரு பிரதி பழுதான சுண்டெலிகளுக்குக் கல்நாரை ஊசியால் கொடுத்தபோது 73 சதவீதத்துக்கு மீசோதீலியோமா, சாதாரணச் சுண்டெலிகளில் 32 சதவீதம். அளவைக் குறைத்துச் செய்தபோது 36, 10. மனிதக் குடும்பங்களிலும் இதே மரபணுப் பழுது மீசோதீலியோமாவைக் கொண்டுவருவது 2011இல் காட்டப்பட்டது.

செந்தாழை

‘இழை கரையாதவரை’ என்றீர்களே வளர்மதி, எனக்கு அதுதான் முக்கியம். உடம்புக்குள் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதுதான் இழைகளைப் பிரிக்கும் கோடு. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் செயற்கைக் கண்ணாடி, கல் கம்பளி இழைகளுக்கு வைத்த விதிகளில் ஒன்றும் அதுவே: மூச்சு வழிச் சோதனையில் 20 மைக்ரானைத் தாண்டிய இழைகளின் அரை ஆயுள் (பாதி இழைகள் மறையப் பிடிக்கும் காலம்) 10 நாளுக்குள் இருந்தால் புற்றுப் பட்டியலிலிருந்து விலக்கு. உற்பத்தியாளர்கள் கரையும் இழைக்கு மாறியதே அதற்குப் பிறகுதான். எலிகள் மக்களுக்குச் செய்த நல்லது அது.

இளமாறன்

செயற்கை இழைக்கு அது சரி. அதே அளவுகோலை வெண்கல்நாருக்கு நீட்டுபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள், கயல். வெண்கல்நார் எலியின் நுரையீரலில் சீக்கிரம் உடைகிறது என்று ஐந்து நாள் மூச்சுச் சோதனைகள் காட்டின, அவற்றில் சில கல்நார்த் தொழிலின் பணத்தில் நடந்தவை. ஆனால் 1974ஆம் ஆண்டின் அந்த 11 கட்டிகளில் வெண்கல்நார் எலிகளும் உண்டு. ஐந்து நாள் கொடுத்துவிட்டு நிறுத்துவதும், தினமும் மறுபடி மறுபடி கொடுப்பதும் ஒன்றாகிவிடாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் முதல் பிரிவில்தான், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை பட்டியலில்தான் வைத்திருக்கிறது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கயல்விழி

இரவெல்லாம் உட்கார்ந்து அந்தப் பத்தியைத் திருப்பி எழுதினேன். இப்படி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

‘ஊசி வழிச் சோதனை, உறையை அடைந்த இழை என்ன செய்யும் என்று சொல்கிறது. மூச்சு வழிச் சோதனை, எத்தனை இழை அங்கே போய்ச் சேரும் என்று சொல்கிறது. மூச்சு வழியில் பெரும்பாலான எலிகளின் உறையில் மாற்றம் காணப்படவில்லை.’

மைக்ரோடோம்

முதல் இரண்டு வாக்கியங்களையும் தொடாதீர்கள். மூன்றாவதில் ‘உறையில்’ என்பதை மாற்றுங்கள். எந்த உறை? எலியை அறுத்து நுரையீரலை வெளியே எடுக்கும்போது உட்படலம் நுரையீரலோடு வந்துவிடும். வெளிப்படலம் விலா எலும்போடு உடலிலேயே தங்கிவிடும். தனியாக மார்புச் சுவரையும் உதரவிதானத்தையும் எடுத்து வெட்டினால்தான் அதைப் பார்த்ததாகும். வடிகால் துளைகள் இருப்பது அங்கே. மனிதரில் மீசோதீலியோமா பெரும்பாலும் தொடங்குவதும் அங்கே. பிற்காலத்தில் சிலர் எலியை அப்படியே உறையவைத்து மார்பைக் குறுக்காக அறுத்து, இரண்டு படலங்களையும் கலையாமல் பார்த்தார்கள். அதை எல்லோரும் செய்துவிடவில்லை. உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு அறிக்கையிலும் எந்தெந்தத் திசுவை வெட்டினார்கள் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள்.

கயல்விழி

நான் குறித்து வைத்திருந்ததெல்லாம் நுரையீரல் வெட்டுகள் மட்டும்தான். வாக்கியத்தை ‘உட்படலத்தில்’ என்று மாற்றிவிட்டேன். என் அட்டவணையில் ‘மார்புச் சுவர் வெட்டப்பட்டதா’ என்று ஒரு கட்டமும் சேர்த்துவிட்டேன். முதல் அறிக்கையிலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.